சூப்பர் ஹீரோ படத்தின் நிறம் எங்கே முடிவாகிறது?

சூப்பர் ஹீரோ படம் ஒன்றின் டிரெய்லர் வந்துவிட்டால் முதல் வாக்குவாதம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் கிளம்பும். "எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது", "டிஐ (கணினியில் நிறத்தைச் சீராக்கும் வேலை) சரியில்லை", "இருட்டாக எடுத்துவிட்டால் சீரியஸ் படம் ஆகிவிடுமா?" என்று பேச்சு ஓடும். யாராவது ஒருவர் அதே காட்சியில் நிறத்தைக் கூட்டி, "இப்படி இருந்திருக்கலாமே" என்று பக்கத்தில் வைத்துக் காட்டியும்விடுவார்.

இந்தப் பேச்சுகளுக்கு அடியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. படத்தை எடுத்து முடித்த பிறகு கணினியில் பூசுகிற மேல்பூச்சுதான் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காட்சியின் நிறத்தில் பெரும்பகுதி, கேமரா ஓடத் தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே சுவர்ப் பூச்சிலும் துணிச் சாயத்திலும் விளக்குத் தேர்விலும் முடிவாகிவிடுகிறது. கணினிக்கு வந்து சேரும்போது மிச்சமிருப்பது அந்த முடிவுகளைக் கூர்மைப்படுத்தும் வேலை. அந்த வேலை முக்கியமானதுதான். ஆனால் செட்டில் இல்லாத வேறுபாட்டை அதனால் புதிதாக உண்டாக்க முடியாது.

இந்தப் பாதை எப்படிப் போகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

நிறத்தைப் பற்றித் தெளிவாகப் பேச மூன்று சொற்கள் போதும்.

முதலாவது நிறச்சாயல். சிவப்பா, பச்சையா, நீலமா என்ற கேள்விக்கான பதில் அது. இரண்டாவது செறிவு. அந்த நிறம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. செங்கல்லும் தக்காளியும் ஏறக்குறைய ஒரே சாயல்தான், செறிவில்தான் வேறுபடுகின்றன. மூன்றாவது ஒளிர்வு. நிறத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினால் மிஞ்சுகிற வெளிச்ச அளவு இது.

மூன்றிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவது ஒளிர்வுதான். மிக அதிகமாக வேலை செய்வதும் அதுதான். நம் கண் உருவங்களைப் பிரித்தறிவது முதலில் ஒளிர்வு வேறுபாட்டால். சாயல் அதற்கு அடுத்தபடிதான் உதவுகிறது. எல்லா நிறங்களும் சமமாக ஒளிர்வதுமில்லை. எச்டி தொலைக்காட்சித் தரத்தில் வெள்ளையின் ஒளிர்வை 100 என்று வைத்துக்கொண்டால், முழுச் செறிவுள்ள பச்சை ஏறத்தாழ 72, சிவப்பு 21, நீலம் வெறும் 7. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் 93.

இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு சூப்பர்மேனைப் பாருங்கள். உடல் முழுக்க நீலம், தோளில் சிவப்பு அங்கி, நெஞ்சில் மஞ்சள் பின்னணியில் சின்னம். இரவுக் காட்சியில் முதலில் இருளில் மூழ்குவது நீல உடல். அங்கி அதைவிட மூன்று மடங்கு ஒளிர்வோடு தாக்குப்பிடிக்கும். நெஞ்சின் மஞ்சள் கடைசிவரை தெரியும். தூரத்து ஷாட்டில் முகமே அடையாளம் தெரியாவிட்டாலும் சின்னம் தெரிவது இதனால்தான்.

சுருக்கமாக: சாயல் பெயரைச் சொல்கிறது, செறிவு அதன் சுத்தத்தைச் சொல்கிறது, ஒளிர்வு உருவத்தைப் பிரித்துக் காட்டுகிறது. "நிறமே இல்லை" என்று நாம் குறைபடும் பல காட்சிகளில் உண்மையில் போதாமல் போனது ஒளிர்வு வேறுபாடு.

பளிச்சென்ற உடைகள் எங்கிருந்து வந்தன?

சூப்பர் ஹீரோ உடைகளின் நிறங்களைப் படைத்ததில் மலிவான அச்சுத் தொழிலுக்கும் பங்குண்டு. 1938-இல் சூப்பர்மேன் அறிமுகமான காலத்து காமிக்ஸ்கள் தரம் குறைந்த செய்தித்தாள் காகிதத்தில், நான்கு மைகளில் அச்சாயின: சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. மைகளைச் சிறு புள்ளிகளாகத் தூவித்தான் இடைப்பட்ட நிறங்களைக் காட்ட வேண்டும். காகிதமோ மையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பிரதிக்கும் அடுத்த பிரதிக்கும் நிறம் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் நம்பகமாக நிற்பவை அடர்ந்த சிவப்பு, நீலம், மஞ்சள்.

நம்ப முடியாதது சாம்பல். 1962-இல் ஹல்க் தன் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தொலைக்கவே, இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கிவிட்டார்கள். இன்று உலகமே அறிந்த அந்தப் பச்சைக்குப் பின்னால் இருப்பது ஓர் அச்சகச் சிக்கல்.

நாயகர்கள் அடிப்படை நிறங்களை எடுத்துக்கொண்டதால் எதிரிகளுக்கு ஊதாவும் பச்சையும் ஆரஞ்சும் மிஞ்சின. ஜோக்கர், கிரீன் காப்ளின், லெக்ஸ் லூதர் என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் போக்கு தெரியும். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹல்க்கே அதற்கு விலக்கு.

திரைப்படத்துக்கு வரும்போது இந்த மரபு ஒரு தொல்லையாகவும் மாறுகிறது. காகிதத்தில் எல்லாமே தட்டையான நிறங்கள். வானம் மஞ்சளாகவும் சுவர் ஊதாவாகவும் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நிஜத் தெருவில் நிஜ மனிதர் முழுச் செறிவுள்ள சிவப்பு நீல உடையில் நின்றால் மற்ற எல்லாவற்றையும் அந்த உடை விழுங்கிவிடும். 2000-இல் வந்த முதல் எக்ஸ்-மென் படம் இதைத் தவிர்க்க எல்லோருக்கும் கருந்தோல் உடை மாட்டியது. 2018-இல் வந்த ஸ்பைடர்-மேன் அனிமேஷன் படமான 'இன்ட்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' நேரெதிர்த் திசையில் போனது. அச்சுப் புள்ளிகளையும், மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் விலகி விழும் பிழையையும் அது திரைக்கே கொண்டுவந்தது. பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டிய இடங்களில் லென்ஸ் மங்கலுக்குப் பதிலாக நிறங்களையே விலக்கிக் காட்டியது.

புரொடக்‌ஷன் டிசைனரின் வேலை

புரொடக்‌ஷன் டிசைனர் என்பவர், படத்தில் நடிகர்களைச் சுற்றித் தெரியும் உலகம் முழுவதற்கும் பொறுப்பாளர். கட்டடங்கள், அறைகள், மேசை நாற்காலி, தெருப் பலகை, வாகனம், கையில் பிடிக்கும் பொருள் வரை எல்லாம் அவர் பார்வைக்குக் கீழே வரும். அவருக்குக் கீழே கலை இயக்குநர் வரைபடம், கட்டுமானம், செலவு ஆகியவற்றை நடத்துவார். செட் டெக்கரேட்டர் அறைக்குள் பொருட்களை நிரப்புவார். உடை வடிவமைப்பாளர் தனித் துறை. ஆனால் அவரும் ஒளிப்பதிவாளரும் புரொடக்‌ஷன் டிசைனரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவில்லை என்றால் படம் மூன்று திசையில் இழுபடும். இந்தப் பதவிப் பெயரை முதலில் பெற்றவர் வில்லியம் கேமரன் மென்சீஸ், 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்துக்காக.

வேலை நிறத் தொகுப்பிலிருந்து தொடங்கும். இந்தப் படத்தில் அல்லது இந்த இடத்தில் எந்த நிறங்கள் வரலாம், எவை வரக் கூடாது என்ற பட்டியல்தான் நிறத் தொகுப்பு. இதில் "வரக் கூடாது" என்ற பாதிதான் கடினம். நாயகியின் உடை சிவப்பு என்றால், அந்தக் காட்சியின் பின்னணியில் இருக்கும் தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழிப் பலகை, நிறுத்தி வைத்த கார், மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி என ஒவ்வொரு சிவப்பையும் தேடி அகற்ற வேண்டும், மறைக்க வேண்டும், அல்லது மங்கலாகப் பூச வேண்டும். ஒரு வாளி தப்பிவிட்டால் பார்வையாளரின் கண் அங்கே ஓடும். 1990-இல் வந்த 'டிக் ட்ரேசி' இந்தக் கட்டுப்பாட்டின் உச்சம். காமிக்ஸ் பக்கத்தைப் போலவே படம் முழுவதையும் ஏழு நிறங்களுக்குள் அடக்கினார் ரிச்சர்ட் சில்பர்ட். டிக் ட்ரேசி சூப்பர் ஹீரோ அல்ல, துப்பறிவாளன். ஆனாலும் காமிக்ஸ் நிறத்தைத் திரைக்குக் கொண்டுவருவதில் அந்தப் படம் ஒரு பாடப்புத்தகம்.

நிறம் ஒட்டுவதற்கு உருவம் வேண்டும். ஒரே நகரம் இரண்டு விதமாக மாறியதைப் பாருங்கள். 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்துக்கு ஆன்டன் ஃபர்ஸ்ட் பைன்வுட் ஸ்டுடியோவில் கோத்தம் நகரத் தெருவைக் கட்டினார். ஒன்றோடொன்று சேராத கட்டடப் பாணிகளை வேண்டுமென்றே நெருக்கி அடுக்கி, வானம் எட்டிப் பார்க்க இடமில்லாத ஊராக அதை ஆக்கினார். அந்தப் படத்துக்காக அவரும் செட் டெக்கரேட்டர் பீட்டர் யங்கும் ஆஸ்கர் விருது பெற்றார்கள். அங்கே கருப்பு உடைக்காரன் நகரத்தின் ஒரு துண்டு மாதிரியே தெரிவான். 2008-இல் வந்த 'த டார்க் நைட்' படத்தில் நேதன் குரோலி கோத்தமாகக் காட்டியது நிஜமான சிகாகோவை: கண்ணாடி, எஃகு, அகலமான தெரு, திறந்த வானம். அதே கருப்பு உடை இங்கே அந்நியமாகத் துருத்தி நிற்கிறது. அந்தக் கதைக்கு வேண்டியதும் அதுதான். முகமூடி அணிந்தவன் ஒருவன் சாதாரண ஊருக்குள் நடமாடினால் என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. இரண்டுமே "டார்க்" படங்கள் என்று ஒரே கூடையில் போடப்படுகின்றன. வடிவமைப்பில் அவை எதிரெதிர்த் துருவங்கள்.

2018-இல் வந்த 'பிளாக் பாந்தர்' திட்டமிட்ட நிறத் தொகுப்புக்கு நல்ல சான்று. புரொடக்‌ஷன் டிசைனர் ஹன்னா பீச்லர் வகாண்டா என்ற கற்பனை நாட்டுக்கு 500 பக்கங்களைத் தாண்டும் வழிகாட்டித் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். உடைகளை வடிவமைத்தவர் ரூத் கார்ட்டர். எல்லை இனத்தாருக்கு நீலம், நதி இனத்தாருக்குப் பச்சை, வணிக இனத்தாருக்கு ஊதா என்று நிறம் அங்கே ஊரின் பெயர் போல இயங்குகிறது. அதனால் கூட்டக் காட்சியில் யார் எந்தப் பக்கம் என்பதை வசனம் சொல்ல வேண்டியதில்லை. பூசான் சூதாட்ட விடுதிக் காட்சியில் டி'சல்லா கருப்பிலும் ஒக்கோயே சிவப்பிலும் நக்கியா பச்சையிலும் வருவார்கள். மூன்றும் ஆப்பிரிக்க ஒருமைப்பாட்டுக் கொடியின் நிறங்கள். பீச்லர், கார்ட்டர் இருவருக்குமே அந்தப் படம் ஆஸ்கர் வாங்கித் தந்தது.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதே பாதி நிறம்

எந்த நிறமும் தனியாகப் பார்க்கப்படுவதில்லை. ஒரே சிவப்பை மண் நிறத்தின் மேல் வைத்தால் எரியும். ஆரஞ்சின் மேல் வைத்தால் அடங்கும். அதே ஒளிர்வுள்ள பச்சையின் மேல் வைத்தால் விளிம்பு நடுங்கும். கண் எப்போதும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது.

2017-இல் வந்த 'வொண்டர் வுமன்' இதை எவ்வளவு பொறுமையாகப் பயன்படுத்துகிறது என்பது எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பைத் தருவது. முதலில் தீவு: தெற்கு இத்தாலியின் கடற்கரையில் எடுத்த வெயிலும் நீலக் கடலும். பிறகு லண்டன்: புகை, மேகமூட்டம், கருநீலக் கோட்டுகள். நாயகி டயானாவின் உடை கோட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. பிறகு போர்முனை: சேறு, மரக்கட்டை, சீருடை, வானம் எல்லாம் பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில். அங்கேதான் அவள் கோட்டைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறுகிறாள். அந்த ஷாட்டில் சிவப்பும் நீலமும் பொன்னும் அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கின்றன. அந்த உடையின் செறிவும் பெரிதாகக் கூட்டப்பட்டதல்ல, தன்னளவில் சற்று அடங்கியதுதான். அதற்கு முன் ஓடிய நீண்ட நேரம் நம் கண்ணை நிறத்துக்காகப் பட்டினி போட்டிருப்பதால் அது அப்படித் தெரிகிறது.

இப்போது 2016-இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தின் விமான நிலையச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைகளில் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தரை வெளிர்க் கான்கிரீட், வானம் வெளிர், கட்டடம் கண்ணாடி, வெளிச்சம் நிழலற்றது. இந்தப் பின்னணி எந்த உடைக்கும் எதிராக நிற்கவில்லை. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு நிறத்தில் ஓடும்போது எந்த நிறத்துக்கும் முன்னுரிமையும் கிடைப்பதில்லை. அங்கே செறிவைக் கூட்டினால் உடைகள் கத்தும், காட்சி தெளியாது. இணையத்தில் சுற்றும் "திருத்திய" படங்களில் பெரும்பாலானவை ஒரு நொடி அழகாகவும் பத்து நொடியில் சலிப்பாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

"இருட்டு என்றால் முதிர்ச்சி, பளிச்சென்றால் சிறுபிள்ளைத்தனம்" என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. 2017-இல் வந்த 'தோர்: ராக்னராக்' ஜாக் கிர்பியின் காமிக்ஸ் பக்கங்களிலிருந்து நிறம் எடுத்த படம், சகார் கிரகத்தில் கண் கூசும் அளவுக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமும். அந்தப் பகட்டெல்லாம் ஒரு சர்வாதிகாரியின் பகட்டு. நிறம் அங்கே கொண்டாட்டமாகவும் கொடுமையாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது.

சுருக்கமாக: உடையை மாற்றாமலே பின்னணியை மாற்றி அதன் நிறத்தை மாற்ற முடியும். நேர வரிசையும் பின்னணிதான். முந்தைய காட்சி அடுத்த காட்சியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

வெளிச்சம் செய்யும் மாற்றம்

துணிக்கடையின் விளக்கில் ஒரு நிறமாகத் தெரிந்த துணி, வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். துணி மாறவில்லை. துணியின் சாயம் சில அலைநீளங்களை உறிஞ்சிச் சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறது. வந்து விழும் வெளிச்சத்தில் அந்த அலைநீளமே இல்லை என்றால் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. செட்டிலும் நடப்பது அப்படியே இதுதான்.

வெளிச்சத்தின் வெம்மையை நிறவெப்பம் என்று கெல்வின் அலகில் குறிப்பார்கள். படப்பிடிப்புக்கான இழை விளக்கு 3200 கெல்வின், மஞ்சள் சாய்ந்தது. பகல் வெளிச்சம் 5600 கெல்வின், நீலம் சாய்ந்தது. ஒரே சிவப்பு உடை முதலாவதில் ஆரஞ்சாக மலரும், இரண்டாவதில் சற்றே குளிரும். இதைச் சரிக்கட்ட முடியும். சரிக்கட்டவே முடியாதது பழைய சோடியம் தெருவிளக்கின் வெளிச்சம். தாழ் அழுத்தச் சோடியம் விளக்கு கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தை உமிழ்கிறது. அதன் கீழே சிவப்பும் நீலமும் பச்சையும் வெறும் மஞ்சளின் அடர்ந்த, வெளிர்ந்த நிலைகளாக மட்டுமே தெரியும். பிறகு கணினியில் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தச் சிவப்பை மீட்க முடியாது. அது பதிவாகவே இல்லை.

கருப்பு உடையின் சிக்கல் தனி ரகம். பளபளப்பில்லாத கருப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் அது விழுங்கிவிடும், முகம்தான் வெளிறும். அதனால் கருப்பு உடையை வெளிச்சத்தால் நிரப்ப முயல்வதில்லை, பிரதிபலிப்பால் வரைகிறார்கள். உடையின் சில பகுதிகளுக்குப் பளபளப்பும் சிலவற்றுக்கு மங்கலும் கொடுத்து, பக்கவாட்டிலோ பின்னாலோ பெரிய மென்மையான விளக்கை வைத்தால் அந்த விளக்கின் பிம்பம் தோளிலும் மார்பிலும் கோடாக ஓடும். பேட்மேன் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கோடுகளாகத்தான்.

இன்னொரு வம்பும் உண்டு. சில செயற்கை இழைக் கருப்புத் துணிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நன்றாகப் பிரதிபலிக்கும். வெயிலில் படம் பிடிக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன் அடர்ந்த என்டி ஃபில்டர் போடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விட்டுவிட்டால், டிஜிட்டல் கேமராவில் கருப்பு உடை அரக்கு நிறமாகப் பதியும். பக்கத்தில் நிற்பவரின் கருப்புப் பருத்தி உடையோ கருப்பாகவே இருக்கும். அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஃபில்டரும் முன்கூட்டிய சோதனையும்தான் தீர்வு.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் பாதி புரிந்துவிடும். சுவர் நிறத்தை விரல் அளவு அட்டையில் பார்த்து முடிவு செய்வதில்லை. குறைந்தது 2 அடிக்கு 2 அடி பலகையில் அதே பெயின்ட்டை இரண்டு பூச்சு பூசி, முழுக்கக் காய விடுகிறார்கள், காய்ந்த பிறகு பல பெயின்ட்டுகள் அடர்ந்துவிடும் என்பதால். பலகையை அந்தக் காட்சியின் விளக்குகளுக்குக் கீழே நிறுத்தி, முன்னால் நடிகரையோ அதே தோல் நிறமுள்ள ஒருவரையோ நிஜ உடைத் துணியோடு நிற்க வைத்து, படத்துக்கு வாங்கிய அதே கேமரா, அதே லென்ஸ், அதே ஃபில்டரில் பதிவு செய்கிறார்கள். அளவு திருத்திய மானிட்டரில் ஒரு முறை, திரையிட்டு ஒரு முறை பார்க்கிறார்கள். கடைசியில் நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையில் ஒரு முறை. உடை சுவரோடு கரைந்துவிட்டால் இரண்டில் ஒன்றின் ஒளிர்வை மாற்றியே ஆக வேண்டும்.

இந்தச் சோதனையில் வழக்கமாகப் பிடிபடும் பிழைகள் சில. தூய வெள்ளைச் சுவர் முகத்தைவிடப் பிரகாசமாகிக் கண்ணை இழுக்கும். அதனால் செட்டில் "வெள்ளை" என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் வெளிர்ச் சாம்பல். அடர்ந்த பச்சைச் சுவருக்கு அருகில் நடிகர் நின்றால் தாடைக்குக் கீழே பச்சை படியும், சிவப்புக் கம்பளம் கழுத்தைச் சிவக்க வைக்கும். ஒரே நாயகனுக்கு நடிக்க, சண்டையிட, நனைய என்று பல உடைகள் தைக்க வேண்டும். அவற்றின் துணி வெவ்வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்திருந்தால் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியும்.

கிரீன் மேட் போடும் நிபந்தனை

பின்னணியைப் பிறகு கணினியில் சேர்க்க, நடிகருக்குப் பின்னால் ஒரே நிறத் திரையை விரித்துப் படம் பிடிப்பது கிரீன் மேட் முறை. மென்பொருள் அந்த நிறத்தை மட்டும் கழித்துவிடும். ஆகவே உடையில் அந்த நிறம் இருந்தால் உடம்பில் ஓட்டை விழும்.

2002-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்' படத்தில் இது நேரடியாக மோதியது. ஸ்பைடர்-மேன் உடையில் நீலம், எதிரியின் கவசத்தில் பச்சை. நாயகனைப் பச்சைத் திரைக்கு முன்னாலும் கிரீன் காப்ளினை நீலத் திரைக்கு முன்னாலும் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒன்றாக்க வேண்டியிருந்தது. காமிக்ஸ் காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த நிற முடிவு ஒன்று, படப்பிடிப்பு அட்டவணையையே இரண்டாகப் பிளந்தது.

திரையின் வேறொரு குறை, அதன் பச்சை வெளிச்சம் பளபளப்பான கவசத்திலும் தலைமுடி ஓரத்திலும் படிவது. அதை நீக்கும்போது அந்த விளிம்புகளின் இயல்பான நிறமும் சேர்ந்து போய் விளிம்பு சாம்பலாகும். அதைவிடப் பெரிய இழப்பு, இல்லாத உலகத்தின் வெளிச்சம் நடிகர் மேல் விழாதது. பின்னால் எரிமலை சேர்க்கப்பட்டிருக்கும். முகத்தில் ஸ்டுடியோ விளக்கு தெரியும். கண் காரணம் அறியாமலே "பொய்" என்று சொல்லிவிடும்.

இதற்குத் தீர்வுகள் செட்டிலிருந்தே வருகின்றன. 2009-இல் வந்த 'வாட்ச்மென்' படத்தில் டாக்டர் மன்ஹாட்டன் நீலமாக ஒளிர வேண்டும். அவருடைய உடலைக் கணினியில்தான் செய்தார்கள். ஆனால் நடிகர் பில்லி குரூடப் நீல எல்ஈடி விளக்குகள் பதித்த உடையணிந்து செட்டில் நடித்தார். எதிரே நிற்பவரின் கன்னத்திலும் மேசை விளிம்பிலும் விழும் நீலம் நிஜமான நீலம். இப்போது பரவிவரும் எல்ஈடி சுவர் இதன் பெரிய வடிவம்: பின்னணிக் காட்சியை ராட்சதத் திரையில் ஓடவிட்டு அதற்கு முன்னால் நடிப்பது. 2022-இல் வந்த 'த பேட்மேன்' கோத்தமின் வான்விளிம்பை இப்படிக் காட்டியிருக்கிறது. கவசத்தில் தெரியும் பிரதிபலிப்பு தானாகவே சரியாக வரும். குறை என்னவென்றால், அந்தச் சுவர் மூன்று குறுகிய அலைநீளப் பட்டைகளில்தான் ஒளிர்கிறது. அந்த வெளிச்சம் மட்டுமே முகத்தில் விழுந்தால் தோல் நிறம் விகாரமாகும். முகத்துக்கு முழு நிறமாலை கொண்ட விளக்கைத் தனியாக வைக்க வேண்டும்.

டிஐ எதைச் செய்யும், எதைச் செய்யாது

படத்தொகுப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு ஷாட்டின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சீராக்கும் கட்டம் டிஐ. அதைச் செய்பவர் கலரிஸ்ட். ஹாலிவுட்டில் ஒரு முழுப் படத்தையும் இப்படி மாற்றிக் காட்டி வழி திறந்தது 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?'. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் பசுமையான கோடையைக் காய்ந்த மஞ்சளாக்கினார். அது முடிந்ததற்குக் காரணம் உண்டு: இலைகளின் பச்சை, தோலிலிருந்தும் மண்ணிலிருந்தும் தெளிவாகப் பிரிந்து நின்ற ஒரு சாயல். பிரிந்து நிற்பதை மட்டுமே பிரித்து மாற்ற முடியும்.

டிஜிட்டல் கேமரா பெரும்பாலும் லாக் என்ற முறையில் பதிகிறது. மிகப் பிரகாசமான பகுதியிலும் மிக இருண்ட பகுதியிலும் விவரம் தொலையாமல் இருக்க எல்லாவற்றையும் நடுவே நெருக்கிச் சேமிக்கும் முறை அது. அப்படியே பார்த்தால் படம் வெளிறிச் சாம்பலாகத்தான் இருக்கும். "அந்தச் சாம்பலை அப்படியே விட்டுவிட்டார்கள்" என்று சொல்வது சரியல்ல. பெரிய படங்கள் அநேகமாக எதுவும் டிஐ இல்லாமல் வெளியாவதில்லை. சாம்பல்தன்மைக்கு மெய்யான காரணங்கள் வேறு. பல நாட்களில் பல துண்டுகளாக எடுக்கும் சண்டையை ஒட்டவைக்க, நிழலற்ற மேகமூட்ட வெளிச்சம் வசதியானது. சூரியன் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது. கணினிப் பின்னணியையும் நிஜ நடிகரையும் ஒன்றாகக் கலக்கத் தூசியும் புகைமூட்டமும் சேர்ப்பார்கள். அது செறிவைத் தின்னும். பின்னணி என்னவென்று முடிவாகாமலே நடிகரை எடுக்கும்போது, எதற்கும் பொருந்தும்படி நடுநிலையாக லைட்டிங் செய்துவிடுவார்கள். எதற்கும் பொருந்தும் வெளிச்சத்துக்கு எந்தக் குணமும் இருக்காது. இது கலரிஸ்டின் தவறல்ல. முடிவுகளைத் தள்ளிப்போட்டதன் விலை.

அடுத்து ஒரு சிறு கட்டம், காட்சிப்படுத்தல். திரையரங்கில் வெள்ளையின் ஒளிர்வுக்கான தரம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 3டி கண்ணாடி போட்டால் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். நீலத்தின் 7-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் உடை கருப்பேதான்.

கதையோடு நகரும் நிறம்

படம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எந்தக் கட்டத்தில் எந்த நிறங்களில் இருக்க வேண்டும் என்று சிறு ஓவியங்களாக வரிசைப்படுத்துவது நிறத் திரைக்கதை. அனிமேஷனில் இது வெகு சகஜம். 2004-இல் வந்த 'த இன்கிரெடிபிள்ஸ்' படத்துக்கு லூ ரொமானோ வரைந்தது நல்ல உதாரணம். நாயகன் காப்பீட்டு அலுவலகத்தில் அடைபட்டிருக்கும் பகுதியில் நிறமெல்லாம் வற்றிப்போய்க் கிடக்கும்; அறை அவன் தோள் அகலத்துக்குக்கூடப் போதாது. அவன் மறுபடி களத்தில் இறங்கும்போது செறிவு ஏறுகிறது, இடமும் விரிகிறது. நிறமும் கட்டட அளவும் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன.

எம். நைட் ஷியாமளன் 2000-இல் எடுத்த 'அன்பிரேக்கபிள்' வேறு வழி. அங்கே பச்சை ஒருவனுடையது, ஊதா இன்னொருவனுடையது. சட்டை, சுவர், உள்ளங்கி, பரிசுப் பொதியின் காகிதம் என்று அன்றாடப் பொருட்களில் அந்த நிறங்கள் தங்கியிருக்கின்றன. அந்த உலகத்தில் சூப்பர் ஹீரோ உடை என்று ஒன்று கிடையாது, மழைக்கோட்டுதான் அங்கி.

அடுத்த முறை பார்க்கும்போது

பிடித்த ஒரு காட்சியை நிறுத்தி, போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நாயகன் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறானா? தெரிகிறான் என்றால் ஒளிர்வு சரியாக அமைந்திருக்கிறது. பிறகு நிறத்தோடு பார்த்து, உடையின் நிறம் பின்னணியில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் யாரோ அதை உட்கார்ந்து அகற்றியிருக்கிறார்கள். முகத்தில் விழும் வெளிச்சம் பின்னால் தெரியும் உலகத்திலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, அதே படத்தின் அரை மணி நேரத்துக்கு முந்தைய ஒரு ஃபிரேமை இதன் பக்கத்தில் வையுங்கள். நிறம் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் டிவியில் ஒரு மாற்றம் தேவை. கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வரும் 'விவிட்' அமைப்பு எல்லா நிறங்களின் செறிவையும் தன் இஷ்டத்துக்கு ஏற்றி, தோலை ஆரஞ்சாக்கிவிடும். அதை அணைத்துவிட்டு 'ஃபிலிம்மேக்கர் மோட்' அல்லது 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள். முதல் சில நிமிடங்கள் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும், கண் பழகியதும் கலரிஸ்ட் பார்த்த நிறத்துக்கு அருகில் வந்துவிடுவீர்கள்.